கண்காணாத தூரம்

பதினெட்டு வயது நிரம்பிய மாணவன் ஒருவன் தோழர் மூவருடன் முதன்முறையாக அயல்நாடு புறப்படுகிறான். உடன் தந்தையும் இல்லை; ஆசிரியரும் இல்லை. முதுகில் ஒரு பை, கையில் ரயில் சீட்டு, இரவு தங்குவதற்கு இளைஞர் விடுதிகள். ஐரோப்பாவில் கோடைதோறும் காணப்படும் காட்சி இது. பள்ளி இறுதித் தேர்வுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இவ்வாறு புறப்படும் இளைஞர் பலர். போகிறவனுக்கு அது களிப்பு, அனுப்புகிறவர்களுக்குக் கலக்கம். இவ்விரண்டுக்கும் நடுவே பழமையான அறக்கேள்வி ஒன்று நிற்கிறது. நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு ஒருவனை அனுப்பும்போது எதனை நம்பி அனுப்புகிறோம்? நம்பப்பட்டவன் அந்த நம்பிக்கைக்கு எவ்வாறு கடன்பட்டவனாகிறான்?

இக்கேள்வியை ஐரோப்பியச் செல்வர்கள் நெடுங்காலம் எதிர்கொள்ளாமலே தவிர்த்து வந்தனர் எனலாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயப் பிரபுக்கள் தம் மைந்தரைப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அனுப்பினர். அதற்குப் பெரும் பயணம் என்று பெயர். ஆனால் இளைஞன் தனித்துப் போகவில்லை. ஆசான் ஒருவர் உடன் சென்றார். அந்த ஆசானுக்கு ஊரார் சூட்டிய கேலிப்பெயர் 'கரடி நடத்துபவர்' என்பது. சங்கிலியில் கட்டிய கரடியை ஊரூராக இழுத்துச் செல்பவனை நினைத்து வைத்த பெயர் அது. பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் பயணத்தைப் பற்றியும் எழுதினார். அயல்நாட்டு மொழியறிந்த ஆசானோ, முதிர்ந்த பணியாளோ உடன் செல்வதாயின் இளைஞர் பயணம் நன்று என்பது அவர் கருத்து. இல்லையேல், கண்ணை மூடிய வல்லூறு போல எதையும் காணாமலே சுற்றிவருவர் என்று அவர் எண்ணினார்.

பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதனினும் கடுமையாகப் பேசினார். 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் இவ்வழக்கத்தை அவர் சாடுகிறார். பதினேழு, பதினெட்டு வயதில் அயல்நாடு சென்று இருபத்தொன்றில் திரும்பும் இளைஞன், பெற்றோர் உற்றார் பார்வைக்கு அப்பால் வாழ்வின் அருமையான ஆண்டுகளை வீணாக்கி, செருக்கையும் ஒழுக்கக் கேட்டையும் சுமந்து வருகிறான் என்கிறார். பல்கலைக்கழகங்கள் சீர்கெட்டுக் கிடந்தமையால்தான் இந்த வழக்கம் மதிப்புப் பெற்றது என்பது அவர் குற்றச்சாட்டு. மகன் தன் கண்ணெதிரே கெட்டழிவதைக் காணும் துன்பத்திலிருந்து தந்தை சிறிது காலம் விடுபடுகிறார் என்றும் அவர் குத்திக்காட்டத் தவறவில்லை.

ஸ்மித் இதனைக் கேள்வியறிவால் மட்டும் எழுதவில்லை. 1764இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியைத் துறந்து, இளம் பக்ளூ பிரபுவின் ஆசானாகப் பிரான்சுக்குச் சென்றவர் அவர். பிரபுவின் தம்பியும் பின்னர் அவர்களுடன் சேர்ந்துகொண்டார். 1766 அக்டோபரில் அந்தத் தம்பி பாரிஸ் நகரில் இறந்துபோனார். பயணம் அத்துடன் முடிந்தது. பிரபு ஊர் திரும்பிப் பொறுப்புடன் வாழ்ந்தார். ஸ்மித்துடன் இறுதிவரை நட்புப் பூண்டிருந்தார். ஒரே ஆசான், ஒரே பயணம், உடன்பிறந்தார் இருவர். ஒருவர் சிறந்து திரும்பினார்; மற்றவர் திரும்பவே இல்லை. காவலர் அருகில் இருப்பது ஒன்றே காப்பாகிவிடாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட வேண்டுவதில்லை.

நம் கடற்கரை ஊர்களின் அனுபவமும் இங்கு நினைக்கத்தக்கது. 'சபர்' என்ற சொல்லைக் கேட்டால் நம்மவர் மனத்தில் எழுவது, கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் பொருளீட்டச் சென்ற இளைஞரின் உருவமே. அவர்கள் சென்றது தொலைதூரம்தான். எனினும் பலர் போய்ச் சேர்ந்தது ஊர்க்காரர் கடையிலும் உறவினர் வீட்டிலும் அல்லவா? கடல் கடந்தும் ஊர்க்கண் அவர்களைத் தொடர்ந்தது. அங்கே செய்தது இங்கே தெரியவரும் என்ற அச்சம் பலரை நேரிய வழியில் நிறுத்தியது. அதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஊர்க்கண்ணும் ஒருவகையில் ஆசானின் சங்கிலிதான்.

அந்தச் சங்கிலி ஐரோப்பாவில் மெல்ல மெல்லவே கழன்றது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909இல் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் சிக்கிக்கொண்டார். ஒரு பள்ளிக் கட்டடத்தில் ஒதுங்கிய அந்த இரவில், இளைஞர் குறைந்த செலவில் தங்க ஊர்தோறும் இடம் வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. அதன் விளைவாக 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. 1972இல் ஐரோப்பிய ரயில்வேக்கள் ஒன்றுகூடி, 21 வயதுக்கு உட்பட்டோர் ஒரு மாத காலம் 21 நாடுகளில் பயணம் செய்ய ஒரே சீட்டை வழங்கின. அதுவே 'இன்டர்ரெயில்'. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் பதினெட்டு வயதினருக்கு இலவசச் சீட்டு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தேர்வு பெறுவோர் முப்பது நாள் வரை பயணம் செய்யலாம். ஒருவர் குழுத்தலைவராக நின்று விண்ணப்பிக்க, இன்னும் நால்வர் வரை அவருடன் சேரலாம். இவ்வாறு ஆசான் நின்ற இடத்தில் இன்று தோழர்கள் நிற்கின்றனர். செல்வர் மைந்தருக்கு மட்டும் வாய்த்த பயணம் எளியோர் மக்களுக்கும் வாய்த்தது.

கண்காணிப்பு அகன்றால் ஒழுக்கம் என்னவாகும்? பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் என்பவர் ஒரு கதை சொல்கிறார். லிடிய நாட்டு இடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருகினால் அவன் உருவம் பிறர் கண்ணுக்குத் தெரியாது. அதன் துணையால் அவன் அரசனைக் கொன்று நாட்டைக் கைப்பற்றுகிறான். அத்தகைய மோதிரம் கிடைத்தால் நல்லவன் என்று பெயரெடுத்தவனும் நல்லவனாக நிற்பானா என்பது கிளாக்கனின் கேள்வி. பெயரறியாத நகரம் இளைஞனுக்கு அந்த மோதிரம் போன்றது. அங்கே அவனை இன்னார் மகன் என்று அறிந்தவர் எவருமில்லை. எனவே ஸ்மித்தின் அச்சத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பார்ப்பவர் இருக்கும் வரை மட்டும் நிற்கும் ஒழுக்கம், பார்ப்பவரின் ஒழுக்கமே. அது இன்னும் அவனுடையதாகவில்லை. அது அவனுடையதாவது கண்காணாத இடத்தில்தான். அவ்விடத்துக்கு அவனை ஒருபோதும் அனுப்பாதவர், அவனுக்கு ஒழுக்கம் உண்டா இல்லையா என்பதை ஒருபோதும் அறியமாட்டார். அவனும் அறியமாட்டான்.

தோழர்கள் உடனிருக்கிறார்களே, அது கண்காணிப்பு ஆகாதா எனலாம். ஆகலாம், ஆகாமலும் போகலாம். கூட்டமே சில வேளைகளில் அந்த மோதிரமாகிவிடுகிறது. தனியே செய்ய நாணும் ஒன்றை நால்வராகச் செய்ய நாணாமை இளமையின் இயல்பு. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். நால்வரும் வியன்னாவில் தங்கியிருக்கின்றனர். அன்றிரவு வெனிஸ் செல்லும் வண்டிக்குப் படுக்கை பதிவாகியிருக்கிறது. அதற்குத் தனியே பணமும் கட்டியாயிற்று. மாலையில் ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். "நீங்கள் போங்கள், நான் பிறகு வருகிறேன்" என்கிறான் அவன். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றனர். போவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இருப்போம் என்றும் சொல்லவில்லை. வண்டி நேரம் நெருங்குகிறது. மூவரும் பையை எடுக்கின்றனர்.

இதில் கொடியவன் என்று எவனைச் சுட்டுவது? எவனும் இல்லை. ஒவ்வொருவனும் மற்ற இருவரின் மௌனத்துக்குள் ஒளிந்துகொண்டான், அவ்வளவே. ஒருவன் வாய் திறந்து, "நான் இவனுடன் இருக்கிறேன், நீங்கள் இருவரும் போங்கள்" என்று சொல்லியிருந்தால், இருவர் வெனிஸ் சென்றதில் பிழையேதும் இல்லை. பேசி முடிவெடுத்துப் பிரிவது வேறு. பேசாமல் நழுவுவது வேறு. மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்று நபிமொழி அறிவுறுத்துவதை நாம் அறிவோம். அந்தத் தலைமை அதிகாரம் செலுத்துவதற்காக மட்டும் அன்று. இத்தகைய மாலைப்பொழுதில் "என்ன செய்வோம்?" என்று முதலில் கேட்பதற்கு ஒரு வாய் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். வீட்டில் தந்தை கேட்டிருப்பார். பள்ளியில் ஆசிரியர் கேட்டிருப்பார். இங்கே அவர்களுள் ஒருவன் கேட்க வேண்டும். கேட்பவன் எவனோ அவனே அன்று பெரியவனாகிறான். சுதந்திரப் பயணத்தின் பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம். விரும்பிய நேரத்தில் உறங்குவதும் விரும்பியதை வாங்குவதும் அதன் புறத்தோற்றம் மட்டுமே.

இனி அனுப்புகிறவர்கள் பக்கம் திரும்புவோம். இன்று கண்காணாத தூரம் என்பதே அரிதாகிவிட்டது. மகன் எந்த நகரில், எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதைத் தாய் வீட்டிலிருந்தே கைப்பேசியில் காணலாம். பழைய ஆசான் இப்போது சட்டைப்பைக்குள் அமர்ந்து உடன் செல்கிறார். இது சரியா?

இங்கே இரண்டு அச்சங்களைப் பிரித்தறிய வேண்டும். மகனுக்காக அஞ்சுவது ஒன்று. மகனையே அஞ்சுவது மற்றொன்று. முன்னது அன்பு, பின்னது ஐயம். மகளை அனுப்புவோருக்கு முன்னது மிகுதியாக இருப்பது இயற்கை. இரவு வீதியில் ஆணுக்கு நேராத இடர் பெண்ணுக்கு நேரக்கூடும். ஆனால் அந்த இடர் உலகின் குற்றம். அதனை அவளுடைய நாணயக் குறைவாகக் கணக்கிடலாகாது. அவளுக்கு வேண்டுவன கூடுதல் முன்னேற்பாடுகள்: நல்ல விடுதி, கைச்செலவுக்குச் சற்று மிகுதியான பணம், நம்பத்தக்க தோழியர், இடர் வந்தால் அழைக்க ஓர் எண். நம்பிக்கையில் மட்டும் குறைவு வைக்க வேண்டுவதில்லை. இடர் வேளையில் பயன்படட்டும் என்று இருவரும் உடன்பட்டு வைத்துக்கொள்ளும் வசதியை நாம் குறை கூறவில்லை. மணிக்கொருமுறை தொடர்ந்து பார்ப்பதும், அறியாமல் பார்ப்பதும் வேறு. அது அனுப்பியதுபோல் காட்டி அனுப்பாதிருப்பது.

அதற்காக, போகிறவன் வீட்டை மறந்துவிடலாம் என்பதும் இல்லை. இப்னு பதூதா 1325இல் தம் இருபத்தோராம் வயதில் தாஞ்சியர் நகரை விட்டுத் தனியே புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட செய்தியை 1348இல் திமிஷ்கில்தான் அவர் அறிந்தார். மறு ஆண்டு ஊரை நெருங்கியபோது தாயும் கொள்ளைநோய்க்குப் பலியான செய்தி கிடைத்தது. அந்தக் காலத்தில் செய்தி வரவில்லை என்றால் அது தூரத்தின் கொடுமை. இன்று செய்தி வரவில்லை என்றால் அது மனத்தின் குறை. நாளுக்கு ஒருமுறை "நலமாக இருக்கிறேன்" என்ற இரண்டு சொற்களைப் பிள்ளை தானாக அனுப்புவது, நூறு முறை அவனைத் தேடிப் பார்ப்பதினும் மேலானது. முன்னது அவன் கொடுப்பது; பின்னது அவனிடமிருந்து எடுப்பது.

இம்மானுவேல் கான்ட் 1784இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பாதுகாவலர்கள் தம்மிடம் உள்ளோருக்குத் தனியே நடப்பதன் ஆபத்தையே காட்டிக்கொண்டிருப்பதைக் கடிந்துரைக்கிறார். சில முறை விழுந்தெழுந்தால் நடக்கப் பழகிவிடலாம். ஆபத்து அவ்வளவு பெரிதன்று என்கிறார். பிறந்த வட்டாரத்தை விட்டு வெகுதூரம் செல்லாதவர் சொன்ன சொல் இது! நாம் அதனைச் சிறிது திருத்திக்கொள்ள வேண்டும். எல்லா விழுதலும் சிறிதன்று. பாரிஸில் இறந்த அந்த இளைஞரை நாம் மறக்கலாகாது. பிள்ளையைத் தனியே அனுப்புகிறவர், எதுவும் நேராது என்ற உறுதியோடு அனுப்புவதில்லை; அப்படி ஓர் உறுதியை எவராலும் தர இயலாது. தகுதியை மெய்ப்பித்த பிறகு நம்புவேன் என்பதும் இங்கே பொருந்தாது. நம்பப்படாதவன் எங்கே நின்று தன் தகுதியை மெய்ப்பிப்பான்? ஆகவே நம்பிக்கைதான் முந்துகிறது. சான்று அதன் பின்னே வருகிறது.

இத்தகைய நம்பிக்கைக்கு நம் வழக்கில் நல்லதொரு சொல் உண்டு: அமானிதம். ஒப்படைத்தவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதனாலேயே அது அமானிதமாகிறது. பிள்ளை அதனைத் திருப்பித் தருவது, ஊர் திரும்பிய பின் சொல்லும் உண்மையில். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த தோழனை விட்டுச் சென்றவன் அதனைத் தந்தையிடம் தானே சொல்வானாயின், அவனை அனுப்பியது வீண்போகவில்லை. இதில் தந்தைக்கும் ஒரு கடமை உண்டு. உண்மையைக் கேட்டவுடன், "இனி உன்னை எங்கும் அனுப்பமாட்டேன்" என்று கதவைச் சாத்தும் தந்தை, அடுத்த முறை பொய் சொல்லக் கற்றுத் தருகிறார். பிழையைக் கண்டிக்கட்டும், சொன்ன வாயை அடைக்க வேண்டாம். அவ்வாறு கேட்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த நகரமும் கண்காணாத தூரம் ஆகிவிடாது.