கலந்த செய்தி எங்கே இருக்கிறது?

தபாற் கடிதங்களைப் போலவே, செய்தித் தொடர்பு வலைகளில் செல்லும் செய்திகளும் வழிக்கணுக்களில் பிரிக்கப்படலாம், திசை மாற்றி அனுப்பப்படலாம், ஆனால் ஒன்றோடொன்று கலக்கப்படலாகாது என்பதே வெகுகாலம் பொறியியலாரின் கொள்கையாக இருந்தது. ஆல்ஸ்வேடே, காய், லி, யூங் என்ற நால்வர் 2000-இல் வெளியிட்ட கட்டுரை அதை அசைத்தது.

ஓரிடத்திலிருந்து புறப்படும் இரண்டு பிட்டுகள் இடப்புறத்தார், வலப்புறத்தார் இருவருக்குமே முழுமையாகச் சேரவேண்டும். இடப்புறத்தாருக்கு முதற்பிட்டும், வலப்புறத்தாருக்கு இரண்டாவதும் பக்கவழியே வந்துவிடுகின்றன. எஞ்சியதைக் கொண்டு சேர்க்க நடுவில் இருப்பதோ, ஒரு தடவைக்கு ஒரே பிட் செல்லும் ஒற்றை இணைப்பு. எதை முன்னே விட்டாலும் ஒருவர் காத்திருக்க நேரும். இரண்டையும் கூட்டி விட்டால் எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யமாகும் விசித்திரக் கணக்கு அது. முதற்பிட் 1, அடுத்தது 0 எனில், நடுவழியே 1 போகிறது. இடப்புறத்தார் தம் 1-ஐ அதனின்று கழித்து 0 என்றும், வலப்புறத்தார் தம் 0-ஐக் கழித்து 1 என்றும் அறிகின்றனர்.

அப்படியானால், நடுவழியே சென்ற அந்த 1-க்குள் இரண்டாம் பிட்டாகிய 0 இருந்ததா? எள்ளில் எண்ணெய்போலக் காரணத்தில் காரியம் முன்னமே உண்டென்னும் சாங்கியர், இருந்ததென்பர். ஆனால் பக்கவழிப் பிட் ஏதும் கிட்டாதவனுக்கு அந்த 1, இரண்டும் வேறுவேறு என்பதைத் தவிர, எந்தப் பிட் எதுவென்று சொல்வதில்லை. அனுப்பியவை 1, 0 ஆகலாம், 0, 1 ஆகவும் ஆகலாம். காரியம் புதிதாகப் பிறப்பதென்னும் நையாயிகரைக் கேட்டால், இல்லை என்பர்; அப்போது, இல்லாதிருந்த ஒன்று அனுப்பியவர் கருதியபடியே, அணுவளவும் பிசகாமல் பிறந்தது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது.

இரண்டு குடங்களில் தனித்தனியே எதனிலும் இருமை இல்லை, இரண்டிலும் சேர்ந்தே அது வியாபித்திருக்கிறது, ‘இது ஒன்று, இது ஒன்று’ என்று சேர்த்தெண்ணும் அறிபவனுடைய அபேக்ஷாபுத்தியால் உண்டாகிறது என்று வைசேடிகர் கூறுவர். இந்த விஷயத்துக்கு மிக அணுக்கமானது அதுவே என்பது என் துணிபு. ஒரு பேதம் மட்டும் உண்டு. அவர்கள் மதத்தில் அந்தப் புத்தி அழியின் இருமையும் அழியும். இங்கோ, பெறுவார் எவரும் இல்லாதபோதும், நடுவழி 1-க்கும் பக்கவழிப் பிட்டுகளுக்கும் உள்ள சம்பந்தம் அழியாது நிற்கிறது. ஆதலின் கழித்துப் பார்ப்பவரின் புத்தி செய்தியை உண்டாக்குகிறது என்பதினும், வெளிப்படுத்துகிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.