கழித்ததைக் கொடுப்பது தர்மமாகுமா?



இந்த வாரம் ஒரு பாவசங்கீர்த்தனத்தோடு தொடங்குகிறேன். குருவானவரின் குற்றத்தைப் பங்கு மக்கள் கேட்பது வழக்கமில்லை. ஆனாலும் இதில் உங்களுக்கும் பாடம் இருப்பதால் கேளுங்கள்.

போன வருஷம் பங்கு அலுவலகத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினோம். பழையது மூலையில் கிடந்து இடத்தை அடைத்தது. பிளஸ் டூ படிக்கும் பெண்பிள்ளை உள்ள ஓர் ஏழை வீட்டுக்கு அதைக் கொடுத்தனுப்பினேன். அன்று இரவு ஆத்தும சோதனை செய்தபோது, இன்று ஒரு நற்கிரியை செய்தோம் என்று மனம் குளிர்ந்தது. சில மாதம் கழித்து வீடு மந்திரிக்கப் போனேன். அந்தக் கம்ப்யூட்டரின் மேல் வெள்ளைத் துணி விரித்து, தேவமாதா சுரூபத்தையும் மெழுகுவர்த்தியையும் வைத்திருந்தார்கள்.

"பிள்ளைக்குப் படிக்க உதவுகிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

அந்தத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அது எரியலைங்க சாமி. ரெண்டு தடவை ஆட்டோ வச்சுக் கடைக்குக் கொண்டுபோனோம். போர்டு போயிருச்சுன்னாங்க. சாமி கொடுத்ததாச்சே, தூக்கிப்போட மனசு வரலை."

நூறு நாள் வேலைக்குப் போகிறவள் அவள். நான் கொடுத்த தர்மத்துக்கு ஆட்டோ கூலியும் கடைக்காரன் கூலியும் அவள் கைக்காசிலிருந்து போயிற்று. என் அலுவலக மூலை சுத்தமாயிற்று, அவள் வீட்டு மூலை அடைபட்டது. நான் செய்தது தர்மமா? அல்லது என் குப்பையை ஏழையின் வீட்டில் கொட்டி அதற்குத் தர்மம் என்று பேர் வைத்தேனா?

தர்மம் என்பதென்ன?

ஒரு கிரியை நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க மூன்றைப் பார்க்க வேண்டுமென்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் வழிவந்த வேதசாஸ்திரிகள் போதிக்கிறார்கள். செய்யப்படும் காரியம் என்ன, செய்பவனின் கருத்து என்ன, சூழ்நிலைகள் என்ன என்பவையே அந்த மூன்று. என் கருத்து நல்லதுதான். ஆனால் நல்ல கருத்து மாத்திரம் ஒரு கிரியையை நல்லதாக்கிவிடாது. நான் உண்மையில் செய்த காரியம் என்ன? ஓடுகிறதா இல்லையா என்று பார்க்காமல் ஒரு பொருளை என் தலையிலிருந்து இறக்கிப் பிறர் தலையில் ஏற்றினேன். தர்மம் என்பது பிறர்சிநேகத்தின் கிரியை, அது பிறனுடைய குறையைத் தீர்க்க வேண்டும். நானோ என் குறையைத் தீர்த்துக்கொண்டேன்.

பழைய ஏற்பாட்டில் மலாக்கியாஸ் தீர்க்கதரிசி குருக்களைக் கண்டிக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். குருடும் முடமும் நோயுமான ஆடுமாடுகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, இதை உங்கள் அதிபதிக்குக் காணிக்கையாகக் கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொள்வானா என்று அவர் கேட்கிறார். அந்தக் கண்டனம் குருக்களுக்கே சொல்லப்பட்டது என்பதை நான் மறக்கக்கூடாது. பசித்தவனுக்கும் ஆடையற்றவனுக்கும் செய்தது தமக்கே செய்ததென்று நம் ஆண்டவர் சொல்லியிருக்க, ஏழை வீட்டுக்கு அனுப்பும் பொருள் பலிபீடத்துக்கு அனுப்பும் பொருளுக்குச் சமானம். ஆகையால் இனிமேல் ஒரு பழைய பொருளைக் கொடுக்குமுன், இதை ஆண்டவர் கையில் கொடுக்க எனக்குத் துணிவுண்டா என்று கேட்டுக்கொள்வோம்.

ஓர் ஆட்சேபம்

"அப்படியானால் பழையதை யாருக்கும் கொடுக்கவே கூடாதா, சாமி? புதிது வாங்கிக் கொடுக்க நம்மில் எத்தனை பேருக்கு வசதியுண்டு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அப்பம் பலுகின அற்புதத்துக்குப் பின் சேசுநாதர் சுவாமி என்ன செய்தார்? ஐயாயிரம் பேருக்கு அப்பம் படைக்க வல்லவர், மீந்த துணுக்குகள் வீணாகாதபடி பொறுக்கிச் சேர்க்கும்படி சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. சர்வ வல்லமையுள்ளவரே துணுக்கை மதித்தார் என்றால் நாம் மதிக்க வேண்டாமா? காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் நிருபத்தில், பொருளைத் தூக்கியெறியும் பழக்கமும் மனிதனை ஒதுக்கித் தள்ளும் பழக்கமும் ஒரே மனப்பான்மையிலிருந்து பிறப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் இது வெறும் பேச்சல்ல. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஈயம் இருக்கிறது. ஒயரிலுள்ள செம்புக்காக அதைத் தெருவோரத்தில் கொளுத்தினால் எழும் புகை குழந்தைகளின் நெஞ்சில்தான் போய்த் தங்கும். இப்படிப்பட்ட கழிவுகளைக் கையாள அரசாங்கம் 2022-ல் விதிகள் செய்து, அவை 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. இதற்கிடையே 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு நிறுத்தப்பட்டது. அடுத்த விண்டோஸை ஏற்க முடியாத மெஷின்கள் ஏராளம். கையும் காலும் திடமாயிருக்கும்போதே அவற்றுக்கு வயதாகிவிட்டதென்று தீர்ப்பாகிவிட்டது. ஆனால் லினக்ஸ் என்னும் இலவச மென்பொருளைப் போட்டால் அவற்றில் பல இன்னும் சில வருஷம் நன்றாக உழைக்கும்.

ஆகவே பழையதைக் கொடுப்பது தவறல்ல. கழித்ததைக் கழித்தபடியே கொடுப்பதுதான் தவறு. கழிவுக்கும் கொடைக்கும் நடுவே ஒன்று இருக்கிறது, அது மனிதனின் உழைப்பு. தூசி ஊதி, மெமரிச் சில்லின் முனையை அழிரப்பரால் தேய்த்து, நாணயம் போன்ற சிறு பாட்டரியை மாற்றி, மூன்று செத்த மெஷின்களின் உறுப்புகளை ஒன்று சேர்த்து உயிருள்ள ஒரு மெஷினாக்கும் வேலை அது. நம் பங்கு வாலிபர் சிலர் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு வீட்டுத் திண்ணையில் இதைச் செய்து வருவது உங்களில் பலருக்குத் தெரியும். கொடுப்பவர் கொடுத்தது அரைத் தர்மம். இந்தப் பிள்ளைகள் கொடுக்கும் நேரம்தான் அதை முழுத் தர்மமாக்குகிறது.

நம் பக்கத்தில் நடந்தது

தொண்டர்கள் கம்ப்யூட்டரைக் கொண்டு ஊருக்கு உழைப்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கனடா நாட்டு உதவியோடு வில்லியனூரைத் தலைமை இடமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் ஏற்பட்டன. நிறுவனம் கம்ப்யூட்டரைக் கொடுத்தது. ஊரார் வாடகையில்லாமல் இடத்தையும் தொண்டர்களையும் கொடுத்தார்கள். ஜாதி பேதமின்றி எல்லாரும் நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, மீனவருக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2001-ல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் நகரத்தின் சர்வதேசப் பரிசும் கிடைத்தது.

நல்லவாட்டில் நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் வாலிபர் ஒருவர் சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். ஊரார் ஓடிப்போய்ப் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். வீடுகள் அழிந்தன, படகுகள் அழிந்தன. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிர் தப்பினார்கள்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. அன்று அந்த ஒலிபெருக்கி பேசிற்று. என் கம்ப்யூட்டரைப்போல் மேலே துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தால் என்னவாகியிருக்கும்? தினந்தோறும் கடல் நிலவரம் சொல்ல அதை உபயோகித்து வந்தார்கள், ஆகையால் அது வேலை செய்தது. ஒரு கருவியைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் பிறர்சிநேகம்தான். அது யார் கண்ணிலும் படாத பிறர்சிநேகம், ஆபத்து வரும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

வாங்குகிறவனின் கௌரவம்

இன்னொரு கேள்வி உண்டு. இலவசமாகக் கொடுப்பதா, ஏதாவது வாங்கிக்கொண்டு கொடுப்பதா? அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரில் 2000-ம் வருஷம் தொடங்கிய 'ஃப்ரீ கீக்' என்னும் தொண்டு ஸ்தாபனம் ஒரு வழி கண்டது. கம்ப்யூட்டர் வேண்டியவர் 24 மணி நேரம் அந்தப் பட்டறையில் வந்து வேலை செய்தார், அதற்குப் பின் ஒரு மெஷினைத் தமதாக்கிக்கொண்டு போனார். பிச்சை வாங்கினோம் என்ற கூச்சம் அவருக்கிருக்கவில்லை, அதோடு மெஷினின் உள்ளும் புறமும் தெரிந்துகொண்டார்.

அர்ச். பெரிய கிரகோரியார், ஏழைக்கு அவசியமானதைக் கொடுக்கும்போது நம்முடையதைக் கொடுப்பதில்லை, அவர்களுடையதையே திருப்பிக் கொடுக்கிறோம் என்று போதித்தார். கொடுக்கிறவன் கடனைச் செலுத்துகிறான் என்றால், வாங்குகிறவன் தலை குனிய வேண்டிய அவசியமென்ன? ஆனாலும் வேலை செய்ய முடியாத முதியவரிடமும் நோயாளியிடமும் 24 மணி நேரத்தைக் கேட்பது கொடுமை. ஆகையால் ஒழுங்கு இருக்கட்டும், ஒழுங்கை விலக்கும் தயவும் இருக்கட்டும். அன்றியும் மெஷினோடு கல்வியும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். அறியாதவர்களுக்குப் போதிப்பது ஞான தயைக் கிரியைகள் ஏழில் ஒன்று. பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவருக்குக் கூலியின்றிக் கற்பித்து வருகிறார்கள். அவர்கள் செய்வதை நாம் செய்ய முடியாதா?

நீதிக்கு அடுத்த இரண்டு எச்சரிப்புகளும் சொல்ல வேண்டும். முதலாவது, பிறர்சிநேகம் நீதியை மிதித்துக்கொண்டு நிற்கக்கூடாது. 13-ம் சிங்கராயர் (லியோ) பாப்பரசர் 1891-ல் 'ரேரும் நோவாரும்' நிருபத்தில் தொழிலாளியின் நியாயமான கூலியைப் பற்றி எழுதினார். இன்றைய பாப்பரசரும் அவர் நினைவாக அதே நாமத்தைத் தரித்திருக்கிறார். கம்ப்யூட்டர் பழுது பார்த்துப் பிழைக்கும் குடும்பஸ்தர்கள் நம் சுற்றுப்புறத்தில் உண்டு. காசு கொடுக்க முடிந்தவர் இலவசத்தைத் தேடி வாலிபர் திண்ணைக்கு வந்தால், அந்தக் குடும்பஸ்தரின் சோற்றில் மண் போடுகிறோம். முடிந்தவர் கடைக்குப் போகட்டும், முடியாதவர் மாத்திரம் நம்மிடம் வரட்டும். இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் பிறருடைய கடிதங்களும் படங்களும் கணக்குகளும் இருக்கும். என் இரண்டாம் குற்றம் இதுதான். பங்கு மக்கள் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை அழிக்காமலே அந்த மெஷினைக் கொடுத்துவிட்டேன். அதைத் திறந்து பார்த்த வாலிபன் ஒன்றையும் வாசிக்காமல் மூடி, என்னிடம் வந்து சொல்லி, என் முன்பாகவே முழுவதும் அழித்தான். பிறர் இரகசியத்தைக் காப்பது எட்டாம் கற்பனையைச் சேர்ந்த கடமை.

இனிச் செய்ய வேண்டியது

நிற்க. அந்த வாலிபர், கோவிலுக்குப் பக்கத்தில் சப்பரச் சாமான்கள் வைக்கும் அறையைப் பட்டறையாகவும் வகுப்பறையாகவும் கேட்கிறார்கள். அதே அறையைக் கிடங்காக வாடகைக்கு எடுக்க ஒருவர் முன்வந்திருக்கிறார். பெரியவர்கள் சிலர், "கோவில் கூரை ஒழுகுகிறது, சாமி. வாடகைப் பணம் வந்தால் உதவும்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, கூரை ஒழுகத்தான் செய்கிறது. மழைக்காலத்தில் பீடத்தருகே வாளி வைக்கிறவன் நான்தானே!

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு அறையை வாலிபருக்குக் கொடுப்போம். நிபந்தனை மூன்று: ஜாதி, வேதம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். சோதித்துப் பாராத மெஷின் ஒன்றும் வெளியே போகக்கூடாது. பிழைக்காத மெஷினை யாரும் கொளுத்தக்கூடாது, விதிப்படி பெறுகிறவர்களிடமே சேர்க்க வேண்டும். கூரைக்கு வேறு வழி தேடுவோம், அதற்காக நானே வீடு வீடாக வருகிறேன். ஆனால் வாடகையை இழப்பது என் பணமல்ல, உங்கள் பணம். ஆகையால் தீர்மானிக்க வேண்டியவர்கள் நீங்கள். வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் குடும்பத்துக்கு ஒருவராவது தங்கியிருந்து, மனதிலுள்ளதை ஒளியாமல் சொல்லுங்கள்.

அந்தத் தாய் வீட்டில் கிடந்த கம்ப்யூட்டர் பிழைக்கவில்லை. அதன் மெமரியும் ஹார்டு டிஸ்கும் இன்னொரு மெஷினில் ஓடுகின்றன, அந்த மெஷின் அவள் மகளிடம் இருக்கிறது. அதைப் பூட்டும்போது அந்தப் பிள்ளையே திருப்புளி பிடித்தாள். நான் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ, என்னங்க சாமி இது!" என்று அவள் கைகூப்பினாள். அவள் மன்னித்துவிட்டாள் என்றே நம்புகிறேன். ஆனால் ஆட்டோ கூலியை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டாள். அந்தக் கடன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு