வாசலில் நிற்கிறவனுக்கு நாற்காலி உண்டா?

முதலாவது என்னையே குத்தின ஒரு காரியத்தை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள வாஞ்சிக்கிறேன்.

என் அக்கா மகள் இன்ஜினியரிங் படிக்கும்போது, 2024 ஜனவரியில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு நார்வே தேசத்தின் ஓஸ்லோ பட்டணத்துக்குப் போனாள். மே 17 அந்த நாட்டுக்குத் தேசியத் திருநாள். 1814-ம் வருஷம் அதே தேதியில் ஐட்ஸ்வோல் என்ற ஊரில் கூடி அவர்கள் தங்கள் அரசியல் சட்டத்தை எழுதி முடித்தார்கள்.

"மாமா, அது அவங்க பண்டிகை, நமக்கென்ன வேலைன்னு ஹாஸ்டல் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கலாம்னுதான் இருந்தேன்" என்று போனில் சொன்னாள். ஆனால் அவள் ஆராதனைக்குப் போய்வந்த சபையிலே ஒரு வயதான தாயார், முந்தின நாளே கூப்பிட்டுவிட்டார்கள்: "காலைச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வா. உங்க ஊர்ச் சேலையைக் கட்டிக்கிட்டு வா." அன்றைக்கு அந்த ஜனங்கள் பூனாட் என்ற, தங்கள் தங்கள் பகுதிக்குரிய பாரம்பரிய உடையை உடுத்துவார்களாம். நீயும் உன் உடையிலேயே வா என்பதுதான் அந்தத் தாயாரின் அழைப்பு.

போனால் மேஜையில் அவளுக்கு ஒரு தட்டு, தட்டின் பக்கத்தில் அவள் பெயர் எழுதின சீட்டு! சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்று நிறமும் சேர்ந்த ரிப்பனை அந்தத் தாயாரே அவள் சேலையில் குத்திவிட்டார்கள். பிறகு ஊர்வலம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அந்த நாளின் நாயகர்கள் போர்வீரர்கள் அல்ல, பள்ளிப் பிள்ளைகள். பள்ளிக்குப் பள்ளி கையில் கொடி பிடித்து, பாண்டு வாசித்து அரண்மனை வழியாய்ப் போக, அரச குடும்பத்தார் மாடத்தில் நின்று கையசைக்கிறார்கள்.

சாயங்காலம் அந்தத் தாயார் அவளை ஒரு கல்லறைக்குக் கூட்டிப்போனார்கள். 1845-ல் மரித்த ஹென்றிக் வெர்கலான்ட் என்ற கவிஞருடைய கல்லறை அது. அதன்மேல் புதிதாய் ஒரு மலர்வளையம் இருந்தது. யூதர்கள் மே 17 தோறும் வைக்கிறார்களாம். ஏன் தெரியுமா? 1814-ல் எழுதின அதே சட்டம், யூதர்கள் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்றும் சொன்னது! அந்தத் தடையை ஆதரித்தவர்களில் ஒரு போதகர் உண்டு. அந்தப் போதகரின் சொந்த மகன்தான் இந்த வெர்கலான்ட். தடையை நீக்கக் கடைசிவரை போராடினார். நீங்கினது 1851-ல், அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. அவருடைய கல்லறைக்கு நினைவுச் சின்னத்தை 1849-ல் எழுப்பினவர்கள், நாட்டுக்குள் வர அனுமதியில்லாத வெளிநாட்டு யூதர்கள்!

இதையெல்லாம் சொல்லிவிட்டு அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாய்க் கேட்டாள்: "மாமா, நம்ம சபை ஆண்டு விழாவிலே அந்த நாலு பேருக்குப் பார்சல்தானே கொடுத்தோம்?"

பிரியமானவர்களே, அந்த வார்த்தை பட்டயம்போல் உருவிப்போயிற்று. 2023 டிசம்பரில் ஆண்டு விழா அன்பின் விருந்து நடந்தது. பனியன் கம்பெனியில் வேலைசெய்கிற ஒடிசா வாலிபர் நாலு பேர் பாட்டுச் சத்தம் கேட்டு கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான்தான் ஒரு சகோதரனைக் கூப்பிட்டு, "தம்பி, அவங்களுக்கு நாலு பார்சல் கட்டிக் கொடுத்து அனுப்புப்பா" என்றேன். தருமம் செய்துவிட்ட திருப்தியோடு மேடைக்குப் போய் அன்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன். உள்ளே நாற்காலி காலியாய்த்தான் கிடந்தது.

உபாகமம் 16:14-ஐத் திறந்து பாருங்கள். பண்டிகையில் யார் யார் சந்தோஷப்பட வேண்டுமென்று தேவன் பட்டியல் போடுகிறார். குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, லேவியன், அதோடு பரதேசி, திக்கற்றவன், விதவை. பரதேசிக்கு மிச்சத்தைக் கொடுத்தனுப்பு என்று அங்கே இல்லை. உன்னோடுகூட அவனும் சந்தோஷப்பட வேண்டும். பன்னிரண்டாம் வசனத்தில் காரணமும் இருக்கிறது: நீயும் எகிப்திலே அடிமையாயிருந்தவன்!

போவாஸைப் பாருங்கள் (ரூத் 2:14). மோவாபிய ஸ்திரீக்கு ஒரு படி வறுத்த கோதுமை கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவனோ சாப்பாட்டு வேளையில் அவளை அழைக்கிறான். அவள் அறுக்கிறவர்கள் பக்கத்திலே உட்காருகிறாள். தன் கையாலே எடுத்துக் கொடுக்கிறான். அவள் திருப்தியாய்ச் சாப்பிட்டு மீதியும் வைத்தாள். அந்தப் பரதேசியின் வம்சத்தில் நம் ஆண்டவர் வந்து பிறந்தார். அல்லேலூயா!

மறுநாளே அந்த நாலு பேரையும் தேடிப்போனேன். வேறே ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார்களாம். யாருக்கும் அவர்கள் பெயர்கூடத் தெரியவில்லை. நானும் கேட்டு வைக்கவில்லையே! அன்றைய நாற்காலியை இனி நான் அவர்களுக்குப் போட முடியாது.

ஆனால் நம் தெருவிலே இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாஷை தெரியாதே என்று சொல்லாதிருங்கள். அந்தத் தாயாருக்கும் தமிழ் தெரியாது. அடுத்த விருந்துக்கு இலை போடும்போது, வாசலை ஒருதரம் எட்டிப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். உள்ளே கூப்பிட்டு உங்கள் பக்கத்திலே உட்கார வையுங்கள்.

ஜெபிப்போமா? "ஆண்டவரே, அந்நியராயிருந்த எங்களை உம்முடைய பந்தியில் சேர்த்தீரே. வாசலில் நிற்கிறவனைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்."