இடது கைக்கு வேலை

கொல்கத்தாவின் மூத்த இசைக்கலைஞர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் முதல் வாத்தியத்துக்கு வந்துவிடும். வரும்போதே புகாராகத்தான் வரும். மேல் ஸ்தாயியில் ஒரு ரீட் ஊமை. துருத்தியில் ஓட்டை. ஆம்ப்ளிஃபயர் என்று பெயர், அரை மணி நேரத்தில் கருகல் வாடை அடிக்கும். சொல்பவர் முகத்தைப் பார்த்தால் கோபமே இருக்காது. பிற்காலத்தில் காசு சேர்த்து வாங்கிய அருமையான கருவிகளைப் பற்றி இரண்டு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறவர், ஓட்டைத் துருத்தியைப் பற்றி மட்டும் ஒரு மாலை முழுக்கப் பேசுவார்.

இளமையின் மீதான ஏக்கம் என்று இதைத் தள்ளிவிடலாம். பள்ளிக்கூடத்துச் சைக்கிளையும்தான் அப்படி நினைக்கிறோம். ஆனால் இசைக்காரர்கள் விஷயத்தில் வேறு ஏதோ கூடுதலாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைப் பார்க்க கொல்கத்தாதான் சரியான ஊர். இந்திய வீடுகளுக்குள் பரவலாக நுழைந்த முதல் ‘கீபோர்டு’ உருவம் பெற்றது அங்கேதான்.

ஆர்மோனியம் பாரிஸில் பிறந்தது. 1840களின் தொடக்கத்தில் அலெக்சாந்தர் தெபைன் காப்புரிமை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கையாலும் வாசிக்கும் மேஜை அளவுப் பெட்டி அது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875ல் வாத்தியக் கடை தொடங்கினார். பிற்பாடு துவார்கின் என்று புகழ்பெற்ற கடை. ‘துவார்கின்’ என்ற பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் என்பார்கள். தரையில் சம்மணமிட்டுப் பாடுகிற ஊரில் கால் மிதி எதற்கு? துவாரகாநாத் பெட்டியின் கால்களை வெட்டிவிட்டு, துருத்தியை அதன் முதுகில் பொருத்தினார். அதைக் கையால் அசைக்க வேண்டும். பெட்டி மடியருகே வந்துவிட்டது. மாட்டு வண்டியிலும் ஏறியது, கீர்த்தனைக்கும் போனது, ஜாத்ரா நாடகக் கொட்டகைக்கும் போனது.

அதற்குக் கொடுத்த விலை, ஒரு கை. ஐரோப்பியன் பத்து விரலால் வாசித்ததை இனி ஐந்து விரலால்தான் வாசிக்க முடியும். இடது கை துருத்திக்குப் போய்விட்டது.

ஒரு நல்ல வங்காளப் பாடகரின் இடது கையை உற்றுப் பாருங்கள். புதிதாகப் பழகுபவர் துருத்தியை முழுதாக விரித்து முழுதாக மூடுவார். சத்தம் பொங்கிப் பொங்கி அடங்கும். தேர்ந்தவர் மடிப்பை விரல்கடை அளவுக்கு மேல் திறப்பதில்லை. உள்ளங்கை பலகையில் சாய்ந்திருக்கும், விரல் நுனிகள் மட்டும் துடிக்கும். பாட்டு வரியின் முடிவில் துடிப்பு தளரும், அடுத்த வரிக்கு முன் ஒரு சின்ன உந்தல். ஆர்மோனியக் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான். ஏற்ற இறக்கம் எல்லாம் காற்றில் இருக்கிறது, காற்று இடது கையில் இருக்கிறது. வாசிப்பை இழந்த கை மூச்சு விடக் கற்றுக்கொண்டது.

இந்தப் பெட்டியை ஏசாத பெரியவர் இல்லை. பாரதியார் ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் ஏசினார். தாகூருக்கும் பிடிக்கவில்லை, 1940 ஜனவரியில் கல்கத்தா வானொலி நிலையத்துக்குக் கடிதமே எழுதினார். அந்த ஆண்டு மார்ச் முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை நிலையத்துக்குள் விடவில்லை. சுமார் முப்பது ஆண்டு கழித்துத்தான் கதவு கொஞ்சம் திறந்தது. குற்றச்சாட்டு பொய்யில்லை. சமமாகக் கூறுபோட்ட பன்னிரண்டு சுரங்களுக்கு நடுவே கமகத்துக்கு இடம் கிடையாது, இழைய முடியாது, நழுவ முடியாது. ஆனாலும் காலத்தின் குறும்பைப் பாருங்கள். துவாரகாநாத்தின் பேரன் ஞான பிரகாஷ் கோஷ் அந்த வானொலியிலேயே பதினைந்து ஆண்டு இசைத் தயாரிப்பாளராக இருந்தார். நாடறிந்த ஆர்மோனியக் கலைஞர், தபலா ஆசான். நம் பக்கத்திலும் ஆர்மோனியத்தைத் தீண்டாத வித்வான்கள் தங்கள் சுருதியை நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று அதன் கட்டைகளைக் கொண்டே அளந்து வந்திருக்கிறார்கள்.

நழுவ முடியாத குறைக்கு வங்காளம் வேறொரு பக்கம் மருந்து தேடியது. ஹவாயன் கிதார். 1940களில் டாவ் மோ என்ற பசிபிக் தீவுக் கலைஞர் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். உள்ளூரில் கார்னி நிஸ் ‘அலோஹா பாய்ஸ்’ குழு வைத்திருந்தார். நம் கோட்டுவாத்தியத்தைப் போல இதிலும் இடது கையில் பிடிக்க ஒரு கட்டி. உருக்குக் கட்டியைக் கம்பியின் மேல் இழைத்தால் சுரம் சுரமாக இல்லாமல் குரல் மாதிரி வழுக்கும். பிரச்சினை சத்தம். மடியில் கிடத்திய கிதாரின் ஒலி கூரையைப் பார்த்துப் போகும், எதிரே இருப்பவர் காதுக்கு எட்டாது. உலகில் முதலில் விற்பனைக்கு வந்த மின்சாரக் கிதார், 1932ல் வந்த ரிக்கன்பேக்கர், மடியில் வைத்து வாசிக்கும் ஹவாயன் ரகமாக இருந்தது அதனால்தான். கல்கத்தாவில் கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா, படுக் நந்தி, சுனில் கங்குலி என்று ஒரு வரிசையே ரவீந்திர சங்கீதத்தையும் சினிமாப் பாட்டையும் இந்தக் கிதாரில் வாசித்து இசைத்தட்டுகளாக வீடு வீடாகச் சேர்த்தது.

அப்படியானால் ஆம்ப்ளிஃபயர்? பெரும்பாலான வீடுகளில் அது வானொலிப் பெட்டிதான். வால்வு ரேடியோக்களின் முதுகில் கிராமபோன் ஊசிக்கென இரண்டு துளைகள் இருக்கும். அதில் கிதார் வயரைச் செருகினால் போதும், செய்தி வாசித்த பெட்டி பாட ஆரம்பிக்கும். ஒலியளவைப் பாதிக்கு மேல் திருகினால் உடைந்து கரகரக்கும். வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் வாங்க இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்கமும் விடாது. கல்கத்தாவின் சாந்தினி சௌக் கடைத்தெருவில் டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் பொறுக்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்துகொண்டார்கள். கிதாருக்கு உள்ளூர்த் தயாரிப்பான கிப்டோனும் ஹாப்னரும் இருந்தன. பார்க் ஸ்ட்ரீட்டின் ஓட்டல் மேடைகளும், 1975ல் கௌதம் சட்டோபாத்யாய் தொடங்கிய மொஹீனேர் கோடாகுலி போன்ற குழுக்களும் இப்படிப்பட்ட சாமான்களின் காலத்தில் வளர்ந்தவை.

அந்தக் கரகரப்பை இங்கே ஒழிக்கப் பார்த்தார்கள். லண்டனில் டேவ் டேவிஸ் தன் சின்ன எல்பிகோ ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி, அந்த உடைந்த சத்தத்தோடே 1964ல் ‘தி கிங்க்ஸ்’ குழுவுக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அது பெரிய வெற்றி. இன்று அந்தக் கரகரப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஆம்ப்ளிஃபயரோடு வந்த மைக் விஷயத்தில் நம் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. உஷா ஐயர், இன்றைய உஷா உதுப். குரல் கனமாக இருக்கிறது, கூட்டுப்பாட்டில் ஒட்டவில்லை என்று பள்ளியில் பாட்டு வகுப்பிலிருந்து விலக்கப்பட்டவர். 1969ல் சென்னை மவுண்ட் ரோடு ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் பட்டுப்புடவையோடு மேடையேறி, பிறகு கல்கத்தா ‘டிரிங்காஸ்’ ஓட்டலுக்கு வந்து அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். பள்ளிக்கு ஆகாத அடிக்குரலுக்கு மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் இடம் கொடுத்தன.

மின்சாரக் கட்டைகளும் குறையோடுதான் வந்தன. 1947ல் பிரான்சில் வந்த கிளாவியோலினும் அதன் பங்காளியான யூனிவாக்ஸும் பியானோவுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும் மூன்று ஸ்தாயிக் கட்டைப் பலகைகள். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ஐரோப்பாவில் அது பெருங்குறை. நம் ராகத்துக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. 1954ல் ஹேமந்த குமார் இசையமைத்த ‘நாகின்’ படத்தில் கேட்ட மகுடி, மகுடியே அல்ல. கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின், கூடவே ரவியின் ஆர்மோனியம். அதே ஆண்டு பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்த வி. பால்சாரா, பியானோவோடு யூனிவாக்ஸையும் வங்காளக் காதுகளுக்குப் பழக்கினார். அந்தக் கருவிகளில் ஒலியைக் கூட்டக் குறைக்க முழங்காலால் தள்ளும் ஒரு நெம்புகோல் உண்டு. துருத்தி போனாலும் மூச்சு வேலை உடம்பை விட்டுப் போகவில்லை, கையிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

1980ல் காஸியோடோன் வந்தது. அடுத்த பத்தாண்டில் கிதிர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட்டிலும் நம் பர்மா பஜாரிலும் சின்னச் சின்ன காஸியோக்கள் குவிந்தன. ஆர்மோனியத்தில் வளர்ந்தவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்தபோது இடது கை திண்டாடிப் போயிற்று. பழக்க தோஷத்தில் பெட்டியின் பின்பக்கம் போகும். அங்கே துருத்தி இல்லை, பேட்டரி மூடிதான் இருக்கும். ஒரு விரலால் அழுத்தினால் முழுக் கார்டும் தாளமும் தானே ஒலிக்கும் வசதியைக் கம்பெனிக்காரன் இடது பக்கம் வைத்திருந்தான். கைக்கு வேலை இல்லாமல் செய்வதையே வசதி என்று விற்றார்கள். எழுபதுகளில் தினமும் மின்வெட்டைப் பார்த்த ஊர் அது. விளக்கு அணைந்தால் எலெக்ட்ரிக் ஆர்கன் செத்துவிடும், இருட்டில் பழைய பெட்டி மட்டும் தன்பாட்டுக்குப் பாடும். அந்த நினைவு போகாததால் வங்காளி காஸியோவை வாங்கினானே தவிர ஆர்மோனியத்தை விற்கவில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், மூத்தவர்களின் புகார் எதைப் பற்றியது என்று தெளிவாகிறது. நல்ல வாத்தியம் கேட்டதைக் கொடுத்துவிடும், அதோடு அதற்கும் நமக்கும் கணக்கு முடிந்தது. மோசமான முதல் வாத்தியம் கொடுக்க மறுத்த இடங்களில் எல்லாம் உடம்பு உள்ளே புகுந்திருக்கிறது. ஊமை ரீட்டைத் தாண்டிப் போக விரல் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தது. கரகரக்கும் ரேடியோவுக்காக மீட்டல் மென்மையானது. ஒரு கையைப் பறித்த பெட்டியில் அந்தக் கையே நுரையீரல் ஆனது. வாத்தியம் தொலைந்த பிறகும் இந்தச் சுற்றுவழிகள் கையை விட்டுப் போவதில்லை. ‘அவருடைய பாணி’ என்று ரசிகர்கள் தலையாட்டுவது அந்தச் சுற்றுவழிகளுக்குத்தான். முதல் வாத்தியத்தை நினைக்கும்போது அவர்கள் உண்மையில் தங்கள் கை பிறந்த இடத்தை நினைக்கிறார்கள்.

இதை வறுமைக்குப் பாடும் லாலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டைத் துருத்தியால் வெறுத்துப்போய் வாசிப்பையே விட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு யாரும் பழைய கதை கேட்பதில்லை. தப்பித்தவர்களின் நினைவு மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது.

வயதான பிறகு அதே மாடல் காஸியோவை, அதே வால்வுப் பெட்டியை வலைபோட்டுத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஒரு வாரம் வாசிப்பார்கள், பிறகு பெட்டி அலமாரிக்குப் போய்விடும். சத்தம் அதேதான். அது எங்கே மறுக்கும் என்று கைக்கு முன்பே தெரிந்துவிட்டது, மல்லுக்கட்ட ஒன்றும் மீதியில்லை.

விதிவிலக்கும் நம் ஊரிலேயே இருக்கிறது. இளையராஜா சிறுவனாக இருந்தபோது அண்ணன் பாவலர் வரதராஜனின் ஆர்மோனியத்தைத் தொட்டதற்குக் கையில் பிரம்படி வாங்கியதை மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சிம்ஃபனி எழுதிய பிறகும் கச்சேரி மேடையில் அவர் முன்னால் இருப்பது ஒரு பழைய ஆர்மோனியம்தான். அந்தப் பெட்டிக்கு அவர் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.