யார் கையில் இருந்த கடிகாரம்?

ஒரு பொருளை நாம் விரும்பும்போது அதன் கடந்த காலத்தையும் சேர்த்தே விரும்புகிறோமா? அன்றி, அக்கடந்த காலத்தில் நமக்கு இனிக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிடுகிறோமா? பழம்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் எவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. பழைய நாணயமும் தபால்தலையும் சேர்ப்போரிடம் இக்கேள்வி மெல்லத்தான் எழும். போர்க்காலத்தில் கடலுக்கடியில் மூழ்கிச் சென்ற வீரர்களின் கைக்கடிகாரங்களையும் ஆழமானிகளையும் திசைகாட்டிகளையும் தேடிச் சேர்ப்போரிடமோ அது கூர்மையாகவே எழுகிறது. உலகெங்கும் அத்தகையோர் உள்ளனர். அவர்களுள் பலர் வெறும் சேகரிப்பாளர் அல்லர்; உண்மையான ஆய்வாளர்கள். பின்மூடியைத் திறந்து உட்புற எண்ணைப் படிப்பதும், அவ்வெண்ணைப் பழைய ஆவணங்களோடும் நிழற்படங்களோடும் ஒப்பிடுவதும் அவர்தம் பணி.

அக்கடிகாரங்களுள் ஒன்றையேனும் வாங்கும் வசதி நமக்கில்லை. வாங்க இயலாத பொருளைப் பற்றி எழுதுவது எளிது. ஆசை குறுக்கே நில்லாது என்று எண்ணியிருந்தோம். அவற்றின் படங்களைச் சில மாலைப்பொழுதுகள் பார்த்துக்கொண்டிருந்த பின்னர் அந்த எண்ணமும் தவறு என்பதை உணர்ந்தோம்.

அப்படங்களுள் மிகுதியாக நம்மை ஈர்த்தது இத்தாலியக் கடற்படைக்கென ஃபுளோரன்ஸ் நகரின் பனெராய் நிறுவனம் வழங்கிய கடிகாரம். ரேடியோமீர் என்பது அதன் பெயர். முதல் மாதிரிகள் 1936இல் உருவாயின. செய்து கொடுத்தது சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ். குறுக்களவு 47 மில்லிமீட்டர். மூலைகள் மழுங்கிய சதுர வடிவான எஃகு உடல். மூழ்குடையின் கைப்பகுதிக்கு மேலே சுற்றிக் கட்டத்தக்க நீண்ட தோல்வார். முகப்பின் அமைப்பில்தான் அதன் நுட்பம் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரு தகடுகள். மேல்தகட்டில் எண்களும் கோடுகளும் துளைகளாக வெட்டப்பட்டிருக்கும். அத்துளைகளின் வழியே, அடியில் பூசிய ரேடியக் கலவை இருளில் ஒளிரும். கலங்கிய நீரில், நள்ளிரவில், நேரம் பார்க்க வேண்டிய ஒருவனுக்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. பல முகப்புகளில் தயாரித்தவரின் பெயர்கூட இல்லை.

அந்த ஒருவனுக்கு ஏன் நேரம் வேண்டும்? அவன் சுவாசித்தது தூய ஆக்சிஜன். வெளிவிடும் மூச்சின் குமிழிகள் மேலெழுந்து காட்டிக்கொடுக்காதிருக்க அந்த ஏற்பாடு. அதற்கும் கால அளவு உண்டு. அவன் எதிரிக் கப்பலின் அடியில் வைத்துவிட்டு வரும் குண்டுக்கும் கால அளவு உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவே அவன் மணிக்கட்டில் பச்சை ஒளியாகக் கிடந்தது இந்தக் கடிகாரம்.

இக்கடிகாரத்தை விற்போர் தவறாது சொல்லும் கதை ஒன்றுண்டு. அது உண்மைக் கதை. கேட்போர் நெஞ்சை அள்ளும் கதை. 1941 டிசம்பர் 18ஆம் நாள் இரவு, ஷிரே என்னும் நீர்மூழ்கிக் கப்பல் எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்கு வெளியே மூன்று 'மனித டார்ப்பிடோ'க்களை இறக்கிவிட்டது. குதிரைமேல் அமர்வதுபோல் இருவர் ஏறிச் செல்லும் ஊர்தி அது. ஓட்டியவர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் 'பன்றி'. அறுவர், மூன்று ஊர்திகளில், பிரித்தானியக் கடற்படைத் துறைமுகத்துள் புகுந்தனர்.

லூயிஜி துராந்த் தெ லா பென்னெ என்பவர் அவர்களுள் ஒருவர். வேலியன்ட் என்னும் பெரும் போர்க்கப்பல் அவருக்குக் குறிக்கப்பட்ட இலக்கு. கப்பலை அணுகியதும் ஊர்தியின் சுழலியில் கம்பி சிக்கி இயந்திரம் நின்றது. துணைவர் எமிலியோ பியாங்கியும் அருகில் இல்லை. தனியொருவராய் அவ்வூர்தியைச் சேற்றில் இழுத்து இழுத்துக் கப்பலின் அடிப்புறம் சேர்த்தார். மேலெழுந்ததும் பிடிபட்டார். எங்கே குண்டு வைத்தாய் என்று கேட்டதற்கு வாய் திறக்கவில்லை. அவரையும் பியாங்கியையும் கப்பலின் அடித்தட்டு அறையொன்றில் அடைத்தனர். குண்டு இருந்த இடத்துக்கு அருகிலேயே அந்த அறை இருந்தது. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், கப்பல் தலைவர் சார்ல்ஸ் மார்கனைக் காண வேண்டும் என்று அவர் கேட்டார். கப்பல் வெடிக்கப்போகிறது, உங்கள் ஆள்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்படச் சொன்னார். குண்டின் இடத்தை அப்போதும் சொல்லவில்லை. மீண்டும் அதே அறைக்கு அனுப்பப்பட்டார். வெடித்தது, உயிர் தப்பினார். வேலியன்ட்டும் குயின் எலிசபெத்தும் துறைமுகத்திலேயே அடிதட்டி அமர்ந்தன. 1945 மார்ச்சில் தாரந்தோ நகரில் அவருக்கு இத்தாலியின் பொற்பதக்கம் வழங்கப்பட்டபோது, அதை அவர் மார்பில் குத்தியவர் அதே மார்கன்.

கடமையும் இரக்கமும் ஒரே நெஞ்சில் மோதிக்கொண்ட அந்தச் சில நிமிடங்களைப் பற்றி அறநெறி ஆசிரியர்கள் ஏடேடாய் எழுதலாம். நாம் அதைச் செய்யப்போவதில்லை. நம் கேள்வி கடிகாரத்தைப் பற்றியது.

அன்றிரவு துறைமுகத்துள் புகுந்தவர் அறுவர். அறுவரும் பிடிபட்டனர். ஆறு பேருக்கு ஆறு கடிகாரங்களுக்கு மேல் இருக்க வழியில்லை. எனினும் இவ்வகைக் கடிகாரம் எங்கு விலைக்கு வந்தாலும் அலெக்சாந்திரியாவின் நிழல் அதன்மேல் விழுகிறது. அணிந்தவர் இவரே என்று எவரும் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. கதையைச் சொல்லிப் பக்கத்தில் கடிகாரத்தை வைத்தால் போதும். இரண்டையும் இணைக்கும் வேலையை வாங்குபவனின் ஆசையே செய்துவிடும். திருப்பண்டங்களை வணங்கிப் பழகிய நமக்கு இது புதிதன்று. எலும்புத் துணுக்கு இன்னாருடையது என்று சொல்ல முத்திரையிட்ட சான்றிதழ் வேண்டும் என்று திருச்சபை கேட்டதும், அவற்றை விற்பதைச் சட்டத்தால் முற்றாகத் தடுத்ததும், பக்தியின் இயல்பை நன்கு அறிந்ததனால்தான். அன்பு மிகும் இடத்தில் சான்று கேட்பது நமக்குக் கூச்சமாகிவிடுகிறது.

இனி, விற்போர் சொல்லாத பகுதி.

1943 செப்டம்பர் 8ஆம் நாள், நேச நாடுகளோடு இத்தாலி செய்துகொண்ட போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. நாடே இரண்டாகப் பிளந்தது. பத்தாம் படைப்பிரிவு என்று புகழ்பெற்றிருந்த அந்த மூழ்குவீரர் படையும் பிளந்தது. சிறையிலிருந்து திரும்பிய தெ லா பென்னெ நேச நாடுகளின் பக்கம் நின்று, 1944இல் பிரித்தானியரோடு சேர்ந்தே லா ஸ்பெட்சியாத் துறைமுகத் தாக்குதலில் பங்குகொண்டார். அலெக்சாந்திரியா இரவில் ஷிரே கப்பலின் தலைவராக இருந்த யூனியோ வலேரியோ போர்கேசேயோ வடக்கே ஜெர்மானியரோடு சேர்ந்தார். அவர்கீழ் அப்படையின் பெயர் தரைப்படை ஒன்றின் பெயராயிற்று. தம் நாட்டு எதிர்ப்புப் போராளிகளையே அது வேட்டையாடியது. பழிவாங்கும் கொலைகளில் அதன் பெயர் படிந்தது. ஜெர்மானிய மூழ்குவீரர்களும் இத்தாலியில் பயிற்சி பெற்றனர். அவர்கள் கைகளிலும் இதே கடிகாரம் ஏறியது.

ஆகவே, அதே எஃகு, அதே இரட்டைத் தகடு, அதே பச்சை ஒளி. 1941இல் அது யார் கையில் இருந்தது? 1944இல் யார் கையில்? பெயரில்லாத முகப்பு இரு வினாக்களுக்கும் ஒரே மௌனத்தைத்தான் தருகிறது. அம்மௌனத்தில் நாம் எப்போதும் தெ லா பென்னெயின் குரலையே கேட்கிறோம்.

கருவியில் என்ன குற்றம், பயன்படுத்தியவனிடத்தில் அன்றோ குற்றம் என்று சேகரிப்போர் விடையிறுப்பர். அவ்விடையை நாம் எளிதில் தள்ள மாட்டோம். கத்திக்குப் பாவமில்லை, கடிகாரத்துக்கும் இல்லை. ஆயின் அவ்வாதத்தைப் பாதிவழியில் நிறுத்துவது நேர்மையாகாது. கருவிக்குப் பழி இல்லையென்றால் அதற்குப் புகழும் இல்லை. கொல்லப்பட்டவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது வெறும் எஃகு, கப்பலின் அடியில் நின்ற வீரனைப் பற்றிப் பேசும்போது அது நினைவுச்சின்னம் என்றால், நாம் கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டவராகிறோம். எஃகுக்கென்று அத்தனை பெருந்தொகையை எவரும் கொடுப்பதில்லை. கொடுப்பது நினைவுக்காகவே. நினைவுக்கு விலை கொடுப்பவன் முழு நினைவையும் ஏற்க வேண்டாமா?

போர்கேசே 1949இல் எதிரியோடு ஒத்துழைத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பெற்று, விரைவிலேயே விடுவிக்கப்பட்டார். 1970இல் அரசைக் கவிழ்க்க முயன்று தோற்று ஸ்பெயினுக்கு ஓடினார். 1974இல் அங்கே இறந்தார். அவர் உடல் ரோமையில் புனித மேரி மேஜர் பெருங்கோவிலில், அவர்தம் குடும்பச் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2025இல் திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்ட அதே பெருங்கோவில்தான். அங்கே செபமாலை சொல்லும் நம் திருப்பயணிகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. திருச்சபை மண்ணுக்குள் எவரையும் பொறுக்கி எடுப்பதில்லை. அது வேறு நீதி. ஆய்வாளனுக்கு அந்த உரிமை இல்லை. அவன் அறிந்ததை எழுதியாக வேண்டும்.

உடைமை பற்றிய வினா ஒன்றும் உண்டு. படைக்கு வழங்கிய கடிகாரம் படைவீரனுடையதன்று, அரசினுடையது. பிரித்தானியக் கடற்படைக் கடிகாரத்தின் பின்புறம் அரசுடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும் வழங்கு எண்ணும் வெட்டப்பட்டிருக்கும். 1960களில் அமெரிக்கக் கடற்படைக்கு வழங்கிய டோர்னெக்-ரேவில் கடிகாரத்தின் பின்மூடியிலோ, கதிரியக்கப் பொருள் உண்டு என்ற எச்சரிக்கையோடு, கண்டெடுத்தால் அருகிலுள்ள படைத்துறை நிலையத்தில் ஒப்படைக்கும்படி கட்டளையும் உள்ளது. அக்கட்டளை பொறித்த கடிகாரத்துக்குத்தான் சந்தையில் மதிப்பு மிகுதி! முறையாகக் கழித்து விற்கப்பட்டவை பல. தொலைந்துவிட்டதென்று எழுதிக்கொடுத்துச் சட்டைப்பைக்குள் போனவையும் உண்டு. அரை நூற்றாண்டுக்குப் பின் இதைப் பெரிய திருட்டென்று நாம் கூவப்போவதில்லை. ஆயினும் தன் பொருள் எவ்வழி வந்தது என்று கேட்க அஞ்சுபவன், அதன் வரலாற்றை ஆய்கிறேன் என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது.

ரேடியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய ரேடியோமீர் இன்று இருளில் பெரும்பாலும் ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். ரேடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். எண்பது ஆண்டுகளில் அது நூற்றில் மூன்று, நான்கு பங்கே குறைந்திருக்கும். கெட்டுப்போனது அதனோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. ஒளியைக் காட்டிய பொருள் கதிர்வீச்சின் அடியால் சிதைந்துவிட்டது. கதிர்வீச்சோ அப்படியே இருக்கிறது. பின்மூடியைத் திறக்கையில் உதிரும் பூச்சுத்துகள் மூச்சில் கலந்தால் தீங்கு. பல கடிகாரங்களை அடைத்துவைத்த காற்றோட்டமற்ற அறையில் ரேடான் வாயு சேரும். இத்தகைய கலவையைக் கடிகார முகப்புகளில் தீட்டிய அமெரிக்க இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டால் கூராக்கப் பழக்கப்பட்டு, தாடையெலும்பு அழுகி மாண்டனர். நியூ ஜெர்சியில் அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டோடு முடிந்தது. ஃபுளோரன்ஸில் தீட்டியவர்களின் பெயர்களைத் தேடுவோர் எத்தனை பேர்? அணிந்த வீரனின் பெயருக்காக ஆண்டுக்கணக்கில் அலையும் ஆர்வத்தில் ஒரு சிறு பங்கு அவர்களுக்கும் கிடைத்தால் நன்று.

நல்ல ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கீறலைத் தேய்த்து மெருகேற்றுவதில்லை. கீறலும் சாட்சி என்பர். இரண்டு மூன்று கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்போரை வெளிப்படுத்தியவர்களும் அவர்களே. அணிந்தவர் பெயர் கிட்டாத இடத்தில், பெயர் கிட்டவில்லை என்று எழுதத் தெரிந்தவர்கள். அந்த ஒரு வரியால் தம் கடிகாரத்தின் விலை பாதியாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களும் கைவைக்காத கடிகாரங்கள் சில உண்டு. அலெக்சாந்திரியாவில் வீரர்களை இறக்கிவிட்ட ஷிரே, எட்டு மாதங்கள் கழித்து, 1942 ஆகஸ்டு 10ஆம் நாள் ஹைஃபாத் துறைமுகத்தை நெருங்குகையில் மூழ்கடிக்கப்பட்டது. உள்ளிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களுள் மூழ்குவீரர்களும் இருந்தனர். கப்பல் கிடந்த ஆழம் மூழ்குவோர் எட்டக்கூடியதே. 1984இல் இத்தாலியக் கடற்படையினர் அங்கே இறங்கி, நாற்பத்திரண்டு பேரின் எச்சங்களை மேலே கொண்டுவந்து, தம் நாட்டின் பாரி நகரில் அடக்கம் செய்தனர்.