காரணம் பிறகு வந்தது

தென்காசியில் நான் ஒன்பதாவது படித்தபோது பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பிளேஸ்டேஷன் கடை இருந்தது. மூன்று டிவி, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, மணிக்குப் பத்து ரூபாய். சாரல் காலத்தில் ஜன்னல் வழியாகத் தூவானம் அடிக்கும். கடைக்காரர் டிவி மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார், ஆட்டம் நிற்காது. எல்லோரும் ஆடியது டெக்கன் 3. பாதிப் பயல்கள் எடியை எடுத்துக்கொண்டு பட்டனைக் கண்டபடி அமுக்குவார்கள். நான் ஹெய்ஹாச்சி. வழுக்கை மண்டை, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி நிற்கும் நரைமுடி, ஒரே அறையில் ஆளைச் சாய்த்துவிடுகிற கிழவன். எங்க தாத்தா சாயல் அவனிடம் இருந்தது.

அந்தக் கிழவன் தன் ஐந்து வயது மகனை மலையுச்சியிலிருந்து கீழே போட்டவன் என்று அப்போது தெரியாது. கதையை வாசிக்கிற பொறுமை அந்தக் கடையில் யாருக்கும் இருந்ததில்லை. போடப்பட்ட மகன் கஸுயா மூன்றாம் பாகத்தில் கிடையவும் கிடையாது. இரண்டாம் பாகத்தின் முடிவில் அப்பனே அவனை எரிமலைக்குள் வீசிவிட்டிருந்தான்.

சண்டை விளையாட்டில் கதை சொல்வதில் பிறவியிலேயே ஒரு சிக்கல் உண்டு. இருபது பேர் மோதினால் இருபது முடிவு. நீங்கள் யாரை எடுத்து ஜெயிக்கிறீர்களோ அவர்தான் ஜெயித்தவர். ஆனால் அடுத்த பாகம் வரும்போது அதில் ஒன்றுதான் நடந்தது, மற்றதெல்லாம் நடக்கவில்லை என்று ஆகிவிடும். 1994-இல் வந்த முதல் பாகத்தில் 'நடந்தது' கஸுயாவின் முடிவு: வளர்ந்து திரும்பி வந்து அப்பனைத் தூக்கிப் பாறையிலிருந்து போட்டுவிட்டுச் சிரிக்கிறான். 1995-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அப்பன் ஜெயித்தான், மகன் எரிமலைக்குப் போனான். 2001-இல் வந்த நான்காம் பாகத்தில், உடலை ஒரு கம்பெனி எடுத்துப் பிழைக்க வைத்துவிட்டது என்று கஸுயாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். செத்தவர்கள் இப்படித் திரும்பி வருவது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, நம்ம டிவி சீரியலில் பார்க்காததா. என்னை உறுத்துவது அந்த முதல் தள்ளல். ஏன் தள்ளினான்?

பழைய கதைப்படி, பையன் பூஞ்சையாக இருக்கிறான் என்று தோன்றியதால். என் மகன் என்றால் பிழைத்து ஏறி வரட்டும் என்று போட்டான். சிங்கம் தன் குட்டியைப் பள்ளத்தில் தள்ளும், ஏறி வருவதை மட்டும் வளர்க்கும் என்று ஜப்பானில் ஒரு சொல்வழக்கு உண்டு. அந்த வகை அப்பன். பையன் நெஞ்சு கிழிந்து, வெறுப்பிலேயே மேலே ஏறினான். அந்த வெறுப்பின் வழியாகத்தான் சாத்தான் அவனுக்குள் வந்தது.

2017-இல் வீடுகளுக்கு வந்த ஏழாம் பாகத்தில் கதை மாறியது. கஸுயாவின் அம்மா கஸுமி உள்ளே வந்தாள். அவள் ரத்தத்திலேயே சாத்தான் இருந்ததாம். ஒருநாள் அது வெளிப்பட்டுப் புருஷனைக் கொல்லப் பாய்கிறது, ஹெய்ஹாச்சி அவளைக் கொன்றுவிடுகிறான். அம்மாவைக் கொன்றாயே என்று ஐந்து வயதுப் பையன் பாய்ந்து வரும்போது, இவனுக்கும் அந்த ரத்தம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் மலையிலிருந்து போட்டானாம்.

இப்படிப் பழைய கதைக்குப் பின்னாளில் புது முன்கதை ஒட்டுவதை 'ரெட்கான்' என்பார்கள். மென்பொருள் வேலையில் எங்களுக்கும் இது பழக்கம்தான். கிட்டில் பழைய கமிட்டுகளின் வரிசையை மாற்றி அடுக்கிவிடலாம், பிறகு வருகிறவன் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் யோசித்துச் செய்தது போல இருக்கும். ஆனால் இங்கே மாறியது வரிசை மட்டுமல்ல. முன்பு: தள்ளினான், அதனால் மகனுக்குள் சாத்தான் வந்தது. இப்போது: மகனுக்குள் சாத்தான் இருந்திருக்கலாம், அதனால் தள்ளினான்.

அந்தக் காட்சியை சென்னையில் ஒரு நண்பனின் அறையில் பார்த்தேன். கண் கலங்கியது, அதை மறைக்க வேண்டியதில்லை. மனைவியை நேசித்து, அவளையே கொல்ல நேர்ந்த மனிதன். இருபது வருடம் வெறும் மிருகமாக இருந்தவன் அன்றைக்குத்தான் மனிதனாகத் தெரிந்தான்.

போன வருடம் எங்க சித்தப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு, சித்தப்பாவைத் தாத்தா வீட்டைவிட்டுத் துரத்திய கதைக்கு வந்தது. பெரியத்தை சொன்னாள், "அவன் அப்பவே குடிச்சிட்டுத்தான வந்து நிப்பான். அதான் அப்பா அடிச்சாவ. வேற எந்த அப்பன்தான் பொறுப்பான்?" எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவும்.

நான் சின்ன வயதில் கேட்டது வேறு கதை. பிளஸ் டூவில் பெயிலானதற்கு பெல்ட்டால் அடித்து, பெட்டியைத் தெருவில் தூக்கிப் போட்டார் தாத்தா. சித்தப்பா திருப்பூர் போனார். குடியெல்லாம் அங்கே, அதற்குப் பிறகு. இதைச் சொன்னது ஆச்சி. ஆச்சி இல்லை, தாத்தா இல்லை, இப்போது சித்தப்பாவும் இல்லை. கதையை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடையாது. யாரும் திட்டம் போட்டுப் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கடைசிப் பத்து வருடம் அவரைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்தவர்கள் அவர்கள்தான். பார்த்துப் பார்த்து, அந்த மனிதர் எப்போதும் அப்படியே இருந்ததாகத் தோன்றியிருக்கும்.

ஏழாம் பாகத்தின் கதையில் ஒரு ஓட்டை இருக்கிறது. சாத்தான் ரத்தம் உண்டா என்று சோதிக்கத்தான் போட்டான் என்றால், பையன் பிழைத்து வந்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அப்புறம் எதற்கு அவனை வீட்டிலேயே வைத்து வளர்த்தான்? எதற்கு லீ என்று இன்னொரு பையனைத் தத்தெடுத்து, இவனுக்குப் போட்டியாக நிறுத்தினான்? பூஞ்சைப் பையனை முறுக்கேற்றப் பார்க்கிற அப்பன் செய்கிற வேலை அது. சாத்தானுக்குப் பயந்தவன் செய்கிற வேலையா? புதுக் காரணம் அந்த ஒரு நாளுக்குப் பொருந்துகிறது, மறுநாளுக்குப் பொருந்தவில்லை. இதில் இன்னொன்று, ஏழாம் பாகத்தில் அந்தக் காரணத்தைச் சொல்வது ஹெய்ஹாச்சியேதான். பேட்டி எடுக்க வந்த ஒரு பத்திரிகையாளனிடம், வயதான காலத்தில்.

காரியத்துக்கு மறுநாள் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது ஒரு ஹால் டிக்கெட் கிடைத்தது. சித்தப்பா பெயர், பள்ளிக்கூடத்துப் படம், அக்டோபர் பரீட்சை, பாடம் கணக்கு மட்டும். துரத்தியது ஜூனில். அதற்குப் பிறகு தாத்தாவேதான் பணம் கட்டி, இதை வாங்கி, அப்பாவைத் திருப்பூருக்கு அனுப்பிக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா வரவில்லை. குடிகாரன் என்று துரத்தியவனை யாராவது அட்டெம்ப்ட் எழுத வா என்று கூப்பிடுவார்களா?

அப்பனுக்கு முன்கதை கொடுப்பது தப்பில்லை. பிரகலாதனை மலையிலிருந்து உருட்டிய இரணியனுக்கும் ஒரு முன்கதை இருக்கிறது: வைகுண்டத்து வாயில்காப்போன், முனிவர்கள் சாபத்தால் அசுரனாகப் பிறந்தவன். அதைக் கேட்டால் இரணியன் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். ஆனால் அந்த முன்கதை பிரகலாதன் தலையில் ஒரு பழியையும் வைப்பதில்லை. டெக்கனில் அப்பனின் பாரத்தை இறக்கி, கீழே விழுந்த பிள்ளையின் ரத்தத்தில் ஏற்றியிருக்கிறார்கள். திண்ணையில் நடந்ததும் அதுதான்.

குற்றாலத்தில் சங்கு வடிவில் ஒரு கோயில் இருக்கிறது. குற்றாலநாதர் முன்பு திருமாலாக இருந்தவர் என்று தலபுராணமே சொல்கிறது. சைவக்கோலத்தில் வந்த அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் வைணவராக வேடம் மாற்றி நுழைந்து, நின்றிருந்த பெருமாளைத் தலையில் கை வைத்து அழுத்திக் குறுக்கி லிங்கமாக்கினாராம். இதைவிடப் பெரிய ரெட்கான் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. அழுத்தியதில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டது, அது தீர இன்றுவரை மூலிகைத் தைலம் காய்ச்சி அபிஷேகம் செய்கிறார்கள். கதையை மாற்றினார்கள், மாற்றியதை ஒளிக்கவில்லை, வலித்தது என்பதையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். எங்க வீட்டில் அந்தத் தைலத்துக்கு இடமில்லை.

டெக்கன்காரர்கள் ஒரு விஷயத்தில் யோக்கியமாக இருந்தார்கள். எந்தப் பாகத்திலும் கஸுயாவின் நெஞ்சுத் தழும்பை அழிக்கவில்லை.

திண்ணையில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், பதில் அசிங்கமானது. பெரியத்தைக்கு எழுபத்தைந்து வயது, அவளுக்கு அவள் அப்பா வேண்டும். எனக்கும் அந்தத் தாத்தா வேண்டும்தான், தோளில் தூக்கிக்கொண்டு பெரிய கோயில் கோபுரத்தைக் காட்டியவர். போன மாதம் அப்பாவிடம் மட்டும் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

டெக்கன் கடைக்குக் காசு கொடுத்தது பெரும்பாலும் சித்தப்பாதான். அந்த வருடம் சீசனில் ஒருநாள் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். குளிக்கும் முன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார். இடது தோள்பட்டைக்குக் கீழே சதுரமாக ஒரு தழும்பு, பெல்ட் பக்கிள் அளவுக்கு. அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை. விரலை அதன்மேல் வைத்து, இது எப்படி என்று கேட்டேன்.

"கணக்குல அறுபத்திரெண்டுலே," என்றார். "எழுவது எடுத்தா பாஸு."

பிறகு, அழுத்தித் தேய் என்று முதுகை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.