மானமா, உயிரா?

பின்னேரம் ஒரு வீட்டிலே வாய்த்தர்க்கம். தகப்பன் கடுமையாகப் பேசிவிடுகிறார். மகன் மறுமொழி சொல்லாமல் வளவுக்குள் போகிறான். சற்று நேரத்தில், கொட்டிலருகே அவன் விழுந்து கிடப்பதைத் தாய் காண்கிறாள். பக்கத்திலே கிருமிநாசினிப் போத்தல். அயலவர் ஓடி வருகின்றனர். அவ்வேளையில் பெரியவர் ஒருவர் மெல்லச் சொல்கிறார்: “போத்தலை ஒளித்துவிடுங்கள். கேட்டால் நெஞ்சுவலி என்று சொல்லுங்கள். வீட்டிலே குமர்ப்பிள்ளை இருக்கிறாள்.”

இது எந்த ஒரு குடும்பத்தின் கதையுமல்ல. ஆனால் நம்மவர் எவருக்கும் விளங்காத கதையுமல்ல. அப்பெரியவரைக் கொடியவர் என்று கூறிவிட முடியாது. குடும்பத்தின் நற்பெயரும் காக்கப்பட வேண்டிய ஒரு நன்மைதான். ஆயினும், ஓர் உயிர் ஊசலாடும் வேளையில் அந்நற்பெயருக்காக உண்மையை மறைக்கலாமா?

முதலில், மறைப்பதால் நேர்வது என்ன என்று பார்ப்போம். கிருமிநாசினிகளுட் பல மனிதனின் நரம்புகளைத் தாக்குகின்றன. சுவாசப்பையில் நீர் பெருகுகிறது, மூச்சு அடைபடுகிறது, மூச்சு இல்லாமையால் இதயமும் நின்றுபோகிறது. நின்றது நோயுற்ற இதயமன்று. பெரும்பாலும் இளமையான, நல்ல இதயம். ஆகையினாலேதான், நஞ்சினால் இதயம் நின்றவருக்கு வழமையை விட நீண்ட நேரம் முயற்சி செய்வது தகும் என வைத்தியர்கள் கருதுகின்றனர். இவ்வகை நஞ்சுக்கு அத்திரோப்பீன் முதலிய மாற்று மருந்துகளும் உண்டு. ஆனால் “நெஞ்சுவலி” என்று கேட்ட வைத்தியர் அம்மருந்தை உடனே நினைப்பாரா? நாம் சொல்லும் ஒரு பொய், அவருடைய கையிலிருக்கும் மருந்தைத் தட்டிவிடக் கூடும்.

எல்லா உண்மையையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று திருச்சபை போதிக்கவில்லை. அறிய உரிமையில்லாதவருக்கு ஒன்றைச் சொல்லாதிருப்பது பொய்யாகாது. வேலியால் எட்டிப் பார்ப்பவர்களிடம் வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் வைத்தியருக்கு அவ்வுரிமை உண்டு. ஏனெனில் அந்த உயிர் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

மறைப்பதற்குச் சட்டமும் திருச்சபையும் முன்னர் காரணமாயிருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 வரை தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது, இன்று அப்படியல்ல. 1917-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், அறிந்தும் விரும்பியும் தன்னுயிரை மாய்த்தவருக்குத் திருச்சபை முறையான அடக்கத்தை மறுத்தது. 1983-ம் ஆண்டின் சட்டத்தில் அத்தடை இல்லை. உயிர் நம் உடைமையல்ல, இறைவன் தந்த பொறுப்பு என்ற போதனை மாறவில்லை. ஆனால் கடும் மனக்கலக்கமும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவருடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு கூறுகிறது.

“சாக விரும்பினவனை ஏன் தடுக்க வேண்டும்?” என்று கேட்போரும் உண்டு. நம் நாடே அதற்கு மறுமொழி தந்திருக்கிறது. 1995-ல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் இலங்கையில் தம்முயிரை மாய்த்தனர். அவ்வாண்டிலும் பின்னரும் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. பத்தே ஆண்டுகளில் அத்தொகை ஏறக்குறைய அரைவாசியாகியது. சாக வேண்டுமென்ற எண்ணம் பலருக்கு ஒரு நாழிகையின் எண்ணமே என்பதை இது காட்டவில்லையா?

இறைவாக்கினர் எலியாஸ் சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, தம் உயிரை எடுத்துவிடுமாறு இறைவனை வேண்டினார். வந்த வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை; தட்டியெழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். விசாரணை அங்கு முதலில் வரவில்லை. உதவியே முதலில் வந்தது.

ஆகவே அன்பர்களே, இத்தகைய வேளையில் நாம் செய்யத்தக்கது இது. உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எதையும் பருகக் கொடுக்காதீர்கள். உணர்வும் மூச்சும் இல்லையேல், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள். நஞ்சு உங்களையும் தாக்கக்கூடுமாதலால் வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள். போத்தலை ஒளிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மனம் உடைந்து தவிப்போர் 1926 இலக்கத்தில் பேசலாம். தங்கள் பங்குக் குருவின் கதவையும் எந்நேரமும் தட்டலாம்.

அந்த மகன் பிழைத்து வந்தால், ஊர் சில நாட்கள் பேசும்; பின்பு மறந்துவிடும். அவன் சேமக்காலைக்குப் போய்விட்டால், ஒளித்த போத்தலை அந்தத் தாயின் மனம் மறக்குமா?